பந்தலுக்கு வெளியே மாப்பிள்ளை

ஒரு பழைய கச்சேரியைப் பற்றிய புலம்பல் இது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

2005 ஜூலை 2. ஸ்காட்லாந்தில் ஜி8 மாநாடு கூட இன்னும் நாலு நாள். ஆப்பிரிக்காவின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், உதவியைக் கூட்டுங்கள் என்று கேட்பதற்காக 'லைவ் 8' என்ற பெயரில் பல நாடுகளில் ஒரே நாளில் இசை நிகழ்ச்சிகள். லண்டன் ஹைட் பார்க் மேடையில் யு2, பால் மெக்கார்ட்னி, மடோனா, பிங்க் ஃப்ளாய்ட்... எல்லாம் ஆப்பிரிக்காவுக்காக. சரி, ஆப்பிரிக்கர்கள் எங்கே?

முதலில் வந்த பட்டியலில் அவர்களுக்கு இடமே இல்லாத மாதிரிதான். கண்டனம் எழுந்த பிறகு, பீட்டர் கேப்ரியல் உதவியோடு கார்ன்வாலில் ஈடன் புராஜெக்ட் என்ற இடத்தில் தனி மேடை போட்டார்கள். வெப்பநாட்டுச் செடிகொடிகளை ராட்சதக் கூடாரத்துக்குள் வளர்த்துக் காட்டும் இடம் அது. லண்டனிலிருந்து சாலை வழியே சுமார் 400 கி.மீ! பெனினின் ஆஞ்சலிக் கிஜோ, ஜிம்பாப்வேயின் தாமஸ் மாப்ஃபுமோ, சகாராவின் தினாரிவென் குழு எல்லாம் அங்கே. செனகலின் யூசு என்தூர் மட்டும் ஹைட் பார்க்கிலும் டைடோவோடு சேர்ந்து பாடினார். கல்யாண மாப்பிள்ளையைப் பந்தலுக்கு வெளியே உட்கார வைத்த கதைதான்.

பெரிய பெயர்கள் இல்லாவிட்டால் டிவி பார்ப்பவர்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்பது அமைப்பாளர்கள் தரப்பு வாதம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கூட்டம் சேர்ந்தால்தான் தலைவர்கள் காது கொடுப்பார்கள். ஆனால் காட்டாமலே இருந்தால் பெயர் எப்படிப் பெரிதாகும்? யூசு என்தூர் 1994-ல் நேனே செரியோடு பாடிய '7 செகண்ட்ஸ்' ஐரோப்பாவில் பெரிய ஹிட். 2023-ல் நைஜீரியாவின் பர்னா பாய் லண்டன் ஸ்டேடியத்திலேயே கச்சேரி நடத்தினார். ரசிகர்கள் கேட்கத் தயார்தான். அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று முடிவு கட்டியவர்கள் மேடை போட்டவர்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. அன்று ஹைட் பார்க் திரையில் 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தின் காட்சிகள் ஓடின. பஞ்சம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பசித்த முகத்துக்குப் பெரிய திரை, பாடும் முகத்துக்கு 400 கி.மீ தள்ளி ஒரு மேடை என்றால், பார்ப்பவன் மனதில் எது தங்கும்? கை நீட்டி வாங்குகிற ஆப்பிரிக்காதான் தங்கும். அதே மேடையில் தினாரிவென் கிட்டாரை எடுத்திருந்தால், கூட்டம் அவர்களிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

பரிதாபப்பட்டுக் கைதட்டுவதும் பாட்டு பிடித்துக் கைதட்டுவதும் ஒன்றல்ல. பாடுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.