முதல்ல மெஷினைச் சரி பண்ணுங்க சார்!

2025 ஜூன் மாதம் எங்கள் ஊருக்குத் திடீரென்று சுக்கிர திசை அடித்தது. கூமாப்பட்டி! அதுவரை யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், 'ஸ்ரீவில்லிபுத்தூர் தெரியுமா... அங்கேயிருந்து வத்திராயிருப்பு தெரியுமா... அதுக்குப் பக்கத்துல' என்று மூன்று பஸ் மாறித்தான் பதில் சொல்வேன். ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோ, பிளவக்கல் அணைப் பக்கம் போவதற்கு ஊர் உலகமே கிளம்பிவிட்டது. நல்லதுதான்.

அதே 2025-க்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதை யாரும் ரீல்ஸ் போடவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விட்டது: காந்த டேப்பில் இருப்பதையெல்லாம் 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலானவற்றை மறந்துவிடுங்கள். 2020-ல் யுனெஸ்கோ சார்பில் வந்த அறிக்கையும் கிட்டத்தட்ட அதே கெடுவைத்தான் சொன்னது. டேப் கெட்டுப்போவது ஒரு பக்கம். அதை ஓட்டும் மெஷின், அதற்கான உதிரிப் பாகம், ஓட்டத் தெரிந்த ஆள் மூன்றும் காணாமல் போவது இன்னொரு பக்கம்.

கெடு முடிந்துவிட்டது. நாம் என்ன செய்தோம்? 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினோம்.

அந்த ஸ்டிக்கர் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்குக் காரணம் என் அப்பத்தா. 1988-ல், பொங்கலுக்கு மறுநாள், அப்பத்தா பாடிய நாற்று நடவுப் பாட்டுகளை அப்பா ஒரு கேசட்டில் பதிவு செய்தார். நடுவில் ஒரு சேவல் கூவும். யாரோ 'ஏத்தா, காபி ஆறுது' என்பார்கள். அப்பத்தா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அதுதான் அவருடைய போட்டோ மாதிரி. 2007-ல் சென்னையில் ஒரு கடையில் அதைக் கொடுத்து சி.டி. போட்டு வாங்கினேன். பேர் வேண்டாம். பளபளவென்று கண்ணாடிக் கதவு, ஏ.சி., 'உங்கள் நினைவுகளைப் பாதுகாக்கிறோம்' என்று போர்டு. சி.டி.யைப் போட்டால் அப்பத்தா போர்வைக்குள்ளிருந்து பாடினார். கேட்டதற்கு, 'பழைய கேசட் சார், அவ்வளவுதான் வரும்' என்றார்கள். நானும் நம்பினேன்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவர், எட்டாம் கிளாஸ். கேசட்டை வாங்கித் தன் டெக்கில் போட்டார். கதவு மூடியைக் கழற்றினார். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி ஸ்க்ரூவைத் தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார். கால் சுற்றுகூட இல்லை. சேவல் கூவியது. வளையல் சத்தம் கேட்டது. 'தம்பி, பாட்டு சாகலை. ஹெட்டுதான் சாஞ்சிருக்கு' என்றார். காசு வாங்கவில்லை.

நான் பி.காம். எனக்கு வயரிங் தெரியாது, ஆனால் கணக்கு தெரியும். அதனால் அன்றைக்கு நடந்ததைக் கணக்காகவே சொல்கிறேன். கேசட் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. வளையல் சத்தம் மாதிரி கூர்மையான ஒலியில், விநாடிக்குப் பத்தாயிரம் முறை அதிர்கிற பகுதி இருக்கிறது. 4.76 சென்டிமீட்டரைப் பத்தாயிரத்தால் வகுங்கள். டேப்பில் ஓர் அலை எழுதப்பட்டிருக்கும் இடம், ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதைப் படிக்கிற ஹெட்டின் இடுக்கு, டேப் ஓடும் திசைக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் ஒரு அலையின் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துப் படித்துக் கழித்துவிடும். மிச்சம் பூஜ்யம். அப்பத்தாவின் வளையல் போனது இப்படித்தான்.

இனி அண்ணாச்சியின் பெட்டிக்கடையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வாருங்கள். 1978-ல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று அறியப்படுகிறது. அதற்குப் பிறகு நீங்களும் நானும் உருகி உருகிக் கேட்ட பாட்டுகளில் எத்தனையோ, கம்ப்யூட்டர் வருகிற வரை காந்த டேப்பில்தான் பிறந்தன. பெரிய ஸ்டுடியோவின் மல்டிடிராக் டேப் என்றால் 2 அங்குல அகலம், அதில் 24 டிராக். விநாடிக்கு 15 அங்குலம் அல்லது 30 அங்குல வேகம். சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் மாதிரி மெஷின்கள், ஒரு பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும்.

இந்த பீரோவை ஆன் செய்த உடனே பாட்டுப் பதிய முடியாது. முதலில் ஹெட்டை ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதில் ஒட்டிக்கொண்ட காந்தத்தை நீக்க வேண்டும். பிறகு அளவு டேப் என்று ஒன்றைப் போட வேண்டும். இதுதான் கடைக்காரரின் முத்திரை போட்ட எடைக்கல். குறிப்பிட்ட சுருதிகள், குறிப்பிட்ட காந்த பலத்தில், துல்லியமாக அதில் பதிவாகியிருக்கும். அதை ஓடவிட்டு, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்து, ஒவ்வொரு டிராக்கின் மீட்டர் ஊசியும் பூஜ்யத்தில் நிற்கும்படி திருக வேண்டும். கேட்கிற பக்கம் நேரான பிறகுதான் பதிகிற பக்கத்தைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால், வளைந்த ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு அதே ஸ்கேலால் சரிபார்த்த கதை. நம் மெஷினில் எல்லாம் சரியாகவே தெரியும், அடுத்த ஸ்டுடியோவில் மானம் போகும்.

பதிகிற பக்கத்தில் பயாஸ் என்று ஒன்று உண்டு. மனிதக் காதுக்கு எட்டாத ஓர் அதிர்வைப் பாட்டோடு கலந்துதான் டேப்பில் எழுதுகிறார்கள். அது குறைந்தால் ஒலி கரகரக்கும், கூடினால் மழுங்கும். எவ்வளவு? பத்தாயிரம் அதிர்வு சுருதியைப் பதிந்துகொண்டே பயாஸை ஏற்ற வேண்டும். ஊசி மேலே மேலே போகும், ஒரு கட்டத்தில் உச்சி தொட்டு இறங்கும். இறங்கத் தொடங்கிய பிறகு இன்னும் எத்தனை டெசிபல் இறக்குவது என்பது அந்த டேப்பின் வகையையும் ஓடும் வேகத்தையும் பொறுத்தது. எங்கள் பக்கத்துப் பால்கோவாக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பதம் என்று ஒன்று இருக்கிறது, கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வேறு பண்டம்.

ஒரு டிராக்குக்குக் குறைந்தது 6 திருகு என்று வைத்துக்கொண்டால், 24 டிராக்குக்கு 144. வேறு வகை டேப் வாங்கினால் பதிகிற பக்கம் மறுபடி முதலிலிருந்து. பாடகர் வருவதற்கு முன்னால், வாத்தியக்காரர்கள் இட்லி சாப்பிடுகிற நேரத்தில், ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருப்பார். கேசட் அட்டையில் அவர் பெயர் வராது. கடைசியில் டேப்பின் தலைப்பில் சில சுருதிகளை அரை அரை நிமிஷம் பதிந்து வைத்து, அட்டைப் பெட்டியின் மேல் வேகம், அளவு, எந்த முறை என்று எழுதி வைப்பார். நாளைக்கு இதை ஓட்டப் போகிற எவனோ ஒருவனுக்கு அவர் எழுதிய கடிதம் அது. எங்கள் காமர்ஸ் பாஷையில் ஆரம்ப இருப்பு.

அந்தக் கடிதத்தைப் படிக்காமல் மாற்றினால் என்ன ஆகும்? அமெரிக்க முறை ஒன்று, ஐரோப்பிய முறை ஒன்று என்று டேப்புக்கு இரண்டு சமன்பாட்டு முறைகள் உண்டு. 15 அங்குல வேகத்தில் ஐரோப்பிய முறையில் பதிந்ததை அமெரிக்க முறையில் ஓட்டினால் மேல் சுருதி 3 டெசிபல் வரை கூர்மையாகி, அடிநாதம் மெலியும். தலைகீழாக ஓட்டினால் டமடமவென்று மழுங்கும். ஹெட் சாய்ந்தால் இன்னும் மோசம். 15 அங்குல வேகத்தில் பத்தாயிரம் அதிர்வின் ஓர் அலை 0.038 மில்லிமீட்டர். 2 அங்குல அகலத்துக்கு அதில் பாதி சாய்ந்தாலே போதும், இரண்டு ஓர டிராக்குகளிலும் விழுந்த ஒரே சத்தத்தைக் கலக்கும்போது ஒன்று இன்னொன்றை அழித்துவிடும்.

'அதெல்லாம் சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம் சார்' என்கிறார்கள். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! எதைச் சரி பண்ணுவீர்கள்? மழுங்கியதைத் தூக்கினால் இரைச்சலும் கூடவே எழுந்து நிற்கும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம், இதற்கு பி.காம்.கூட வேண்டாம்.

'இன்னொரு தடவை மாத்திக்கலாம்' என்பவர்களும் உண்டு. அங்கேதான் வயிறு எரிகிறது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில பிரபல டேப்களில், காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் டேப் கிறீச்சிட்டு, துகள் ஹெட்டில் உரிந்து வரும். உரிந்தது பாட்டு! வைத்தியம், டேப்பை சுமார் 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் வாட்டி எடுப்பது. அதன் பிறகு சில வாரங்கள் ஒழுங்காக ஓடும், மறுபடி பிசுபிசுக்கும். சென்னை ஈரக்காற்றில் நாற்பது வருஷம் கிடந்த டேப்புக்கு அந்தச் சில வாரங்கள்தான் கிடைக்கிற வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சாய்ந்த ஹெட்டில் ஓட்டியவருக்கு என்ன பெயர்?

மாற்றாமலே விட்டதைவிட இது மோசம் என்பேன். மாற்றாத டேப்புக்காவது யாராவது கவலைப்படுவார்கள். மோசமாக மாற்றிய டேப்பை 'அதான் டிஜிட்டல் ஆயிருச்சே' என்று குடோனைக் காலி செய்துவிடுவார்கள். 2008-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ குடோன் எரிந்தது. உள்ளே மாஸ்டர் டேப்புகளும் எரிந்தன என்ற கதை ஊருக்குத் தெரிய 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுத வேண்டியிருந்தது. எவ்வளவு போனது என்பதில் நிறுவனம் தகராறு செய்தாலும், அங்கே பட்டியல் போட்டு, வழக்குப் போட்டு, சண்டையாவது போட்டார்கள். இங்கே நெருப்பே வேண்டாம்.

இங்கேயும் சண்டை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பாட்டு யாருடையது, ராயல்டி யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கிறது. நடக்கட்டும், உழைத்தவருக்குக் காசு போக வேண்டும். ஆனால், சொத்துக்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறவர்களில் ஒருவராவது, 'அந்த டேப் இப்போது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எப்போது எந்த மெஷினில் ஓட்டினீர்கள்?' என்று பொதுவில் கேட்டு நான் பார்த்ததில்லை. பத்திரத்துக்குத்தான் சண்டை. வீட்டுக் கூரை ஒழுகுவது யாருக்கும் பொருட்டில்லை.

ரேஷன் கடைத் தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரி வந்து அபராதம் போடலாம். அரைக் கிலோ பருப்புக்கு இருக்கிற மரியாதை ஒரு மொழியின் இசைக்கு இல்லை. உலகத்துக்கு வழிமுறை தெரியாமலும் இல்லை. சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கம் 2004-லேயே கையேடு போட்டுவிட்டது. ஓட்டும் மெஷினை அளவு டேப்பால் சரிபார்த்துக்கொள், ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு டேப்புக்கும் தனியாகச் சரிசெய் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும்! ஏனென்றால், பதிந்த மெஷினே அன்றைக்குச் சாய்ந்திருக்கலாம். அண்ணாச்சி செய்தது இதைத்தான். அவர் எந்தக் கையேட்டையும் படித்தவரில்லை.

ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளைப் பல ஆண்டுகள் பதிவு செய்த ஹெச்.ஸ்ரீதர் 2008-லேயே போய்விட்டார். டேப் காலத்தில் வேலை பழகிய தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறது. திரைப்படக் கல்லூரி நடத்துகிற அரசு, அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, நாலு பழைய மெஷின் வாங்கிக் கொடுத்து, நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தால் கஜானா காலியாகிவிடாது.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை 'ரீமாஸ்டர்' என்று போட்ட பாட்டைக் காசு கொடுத்து வாங்கினால், அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் தட்டுங்கள். மூலம் மாஸ்டர் டேப்பா, கேசட்டா, இசைத்தட்டா? ஓட்டிய மெஷின் எது? ஓட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்தவர் யார், எந்தத் தேதியில்? பதில் வந்தால் எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள். நான் இதுவரை மூன்று இடங்களுக்கு எழுதிவிட்டேன். ஒரு இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது, புதிய வெளியீடுகளின் பட்டியலோடு.