சட்டையை மாத்திப் போட்ட கான்ட்ராக்டர்

அமெரிக்க ரயில்வே கதையை எடுத்தாலே "தன்னந்தனியா உழைச்சு முன்னுக்கு வந்தவர்"னு நாலு பேரைத் தூக்கி வெச்சுப் பேசுவாங்க. அதுல ஒருத்தர் சார்லஸ் க்ராக்கர். எனக்கென்னவோ அந்த "தன்னந்தனியா" மட்டும் தொண்டையிலேயே நிக்குது.

மனுஷன் 1822-ல நியூயார்க் மாநிலத்துல பொறந்தவர். தங்கம் தேடி கலிஃபோர்னியா போய், கடைசியில சாக்ரமென்டோவுல ஜவுளிக்கடை வெச்சார். 1860-ல மாநில சட்டமன்றத்துக்கு ஜெயிச்சார். சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனியில டைரக்டர். 1862 கடைசியில அந்தப் பதவியை விட்டுட்டு, தன் பேர்லயே ஒரு கம்பெனி வெச்சு, அதே ரயில்பாதைக்குக் கான்ட்ராக்ட் எடுத்தார். காலியான நாற்காலியில உட்கார்ந்தது யாரு? அவரோட அண்ணன்! இன்னொரு கூட்டாளி ஸ்டான்ஃபோர்ட், கம்பெனித் தலைவரா இருந்துக்கிட்டே 1862-லயிருந்து 1863 வரை மாநில ஆளுநர். ஒரு பையிலேர்ந்து எடுத்து இன்னொரு பையில போடறதுன்னா இதுதாங்க. சட்டைதான் வேற, ஆள் அதேதான்.

பணம் மத்திய அரசோட கடன் பத்திரமா வந்துச்சு. சமவெளியில மைலுக்கு 16,000 டாலர், மலையில 48,000. அதனால மலை எங்க ஆரம்பிக்குதுங்கறதையே சாக்ரமென்டோவுக்குப் பக்கத்துல தள்ளி வெச்சு வாங்கிட்டாங்க. தரை என்னவோ அங்க தட்டையாத்தான் இருந்துச்சு :)

சரி, சியரா நெவாடா மலையைக் குடைஞ்சது யாரு? 1865-லயிருந்து சீனத் தொழிலாளிங்க, பத்தாயிரத்துக்கும் மேல. வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோட சாப்பாடு. இவங்க சாப்பாட்டுச் செலவு இவங்களோடது. 1867 ஜூன்ல மாசம் 40 டாலரும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு, அடிதடி எதுவுமில்லாம வேலையை நிறுத்தினாங்க. க்ராக்கர் பேச்சுவார்த்தைக்கு வரலை. மலை மேல போற சாப்பாட்டை நிறுத்திட்டார். ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அவருக்கு ஆட்களை நடத்தத் தெரியும், பாதையை முடிச்சுக் காட்டினார்ங்கறதை நான் மறுக்கலை. 1869 ஏப்ரல் 28-ல ஒரே நாள்ல 10 மைல் தண்டவாளம் போட்டது சாதாரண விஷயமா? ஆனா அன்னிக்கு தண்டவாளம் தூக்கின எட்டு அயர்லாந்துக்காரங்க பேர் சரித்திரத்துல இருக்கு. கூட உழைச்ச சீனர்கள் பேர் இல்லை. எனக்கு உறுத்தறது இதுதான். கொடுத்த சம்பளத்துக்குக் கணக்கு வெச்சவங்களுக்கு, வாங்கின ஆளோட பேரை எழுத முடியலையா?

பின்னாடி சான் ஃபிரான்சிஸ்கோவுல மாளிகை கட்டினப்போ, பக்கத்து வீட்டுக்காரர் இடத்தை விக்க மாட்டேன்னுட்டார். க்ராக்கர் அந்த வீட்டைச் சுத்தி மூணு பக்கமும் சுமார் 40 அடி உயரத்துக்கு மரவேலி எழுப்பி, வெளிச்சத்தையே மறைச்சார். மலையில சோத்தை நிறுத்தின அதே புத்தி.

அந்த மாளிகை 1906 பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில போயிடுச்சு. வேலியும் இன்னிக்கு இல்லை. சியராவுல கையால குடைஞ்ச சுரங்கங்கள் இன்னும் நிக்குது. அதுக்குள்ள யார் பேரும் எழுதலை. எழுதியிருந்தா, க்ராக்கர் பேருக்கு முன்னாடி பத்தாயிரம் பேர் வரிசையில நிப்பாங்க.