ஏறுகிற வண்டியா, நிற்கிற வண்டியா?

பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை ஒரு பெரிய மதில் மாதிரி நிற்கும். மார்கழி பிறந்துவிட்டால் காலையில் அந்த மதிலே காணாமல் போய்விடும். அவ்வளவு பனி. மலைக்கு மேலே ஏற்காடு. ஊருக்கு மேற்கே தொப்பூர் கணவாய். ஆக, பொம்மிடி பக்கத்தில் கார் வாங்குகிற யாராக இருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் பனியில் மலை ஏறத்தான் போகிறார், இறங்கத்தான் போகிறார். அதனால் "மலைக்கு எந்த வண்டி நல்ல வண்டி?" என்ற கேள்வி இங்கே பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஊரில் கிடைக்கிற பதில் என்ன? "பெருசா ஒண்ணு எடுத்துருங்க. நாலு சக்கரமும் இழுக்கணும். மலைன்னா அதான் சரி." டீக்கடையில் இதைத்தான் சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனும் இதைத்தான் சொல்கிறான். ஷோரூமில் சொல்லவே வேண்டாம். "சார், இது மலைக்குன்னே செஞ்ச வண்டி சார்!"

இந்தப் பதில் தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, ஆளையே கொல்லக்கூடிய தப்பு.

ஆசை எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்திலிருந்து வருகிறது. டிவியில் வெள்ளை வெளேரென்று பனி கொட்டிக் கிடக்கும். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய வண்டி பாயும். சக்கரத்தில் பனித்தூள் பறக்கும். பார்க்கிறவருக்கு, "அந்தப் பனியிலேயே போகிற வண்டி நம்ம ஏற்காட்டுப் பனியில் போகாதா?" என்று தோன்றிவிடும். தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். புல்லில் விழுவதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. சொல் ஒன்றாக இருப்பதால் வண்டியும் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம்!

சரி, அந்த விளம்பரப் பனியையே எடுத்துக்கொள்வோம். நிஜமான பனிச்சறுக்கு ஊர்களில் என்ன நடக்கிறது?

மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கு. பனிச்சறுக்குக்குப் பேர் போன இடம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தப் பக்கம் போகும் கூட்டம் பல மடங்கு ஆகிவிட்டது. 2024 டிசம்பரில் ஒருநாள் பனி கொட்டியது. சோலாங்கிலிருந்து சுரங்கம் வரை ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. அந்த நாட்களில் வெளியான வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற பேதமே இல்லை. எல்லாம் இறக்கத்தில் சறுக்கிக்கொண்டு போயின. டிரைவர்கள் கதவைத் திறந்து குதித்தார்கள். நாலு சக்கர இழுவை எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அதன் வேலை வேறு. எஞ்சினின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதாவது வண்டியை நகர்த்துவது. சேற்றிலும் பனியிலும் ஏற்றத்திலும் அது பெரிய உதவி. சந்தேகமே இல்லை. அதனால்தான் பனி கொட்டும் நாட்களில் மணாலிக்கு மேலே அந்த மாதிரி வண்டிகளை மட்டும் விடுகிறார்கள். ஆனால் பிரேக்கை மிதித்தால்? சாதாரணக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது, அந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்துவதில் ஒரு அங்குலம்கூட அதற்கு அதிகச் சலுகை கிடையாது. இன்னும் சொல்லப்போனால் எடை அதிகமான வண்டி சறுக்க ஆரம்பித்தால் போய் இடிக்கும்போது பலமாக இடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் எதைக் கேட்கிறது?

பனியோடு மாதக்கணக்கில் வாழ்கிற ஊர்க்காரர்கள் எதை நம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். மாண்ட்ரியாலில் இருக்கும் நம் தமிழர்களும் வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றுகிறார்கள். அங்கே சட்டம் "உன் வண்டி எவ்வளவு பெரிசு? எத்தனை சக்கரம் இழுக்கும்?" என்று கேட்பதில்லை. டயர் என்ன டயர் என்றுதான் கேட்கிறது. காஷ்மீரில் டாங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும்போது பனி நாட்களில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டு என்கிறார்கள். அதுவும் சக்கரத்தைப் பற்றிய பேச்சுதான்.

காரணம் ரொம்ப எளிது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காருக்கும் ரோட்டுக்கும் இருக்கும் உறவு நாலே நாலு இடத்தில்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கைதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றதெல்லாம் அதற்கு மேலே கட்டிய மாளிகை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. அதனால்தான் குளிர் நாடுகளில் அந்த மென்மையான டயர். ஏற்காட்டில் அவ்வளவு குளிர் வழக்கமில்லை, அந்த டயர் இங்கே வேண்டாம். ஆனால் இருக்கிற டயர் மொட்டையாக இருக்கக் கூடாதே!

இங்கேதான் வயிற்றெரிச்சல். இருபது லட்சம் கொடுத்து வண்டி எடுத்தவர், ஆறு வருடம் கழித்து டயருக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார். "இன்னும் ஒரு வருஷம் ஓடும்பா..." என்கிறார். சட்டப்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது கடைசி எல்லை. ஈரமான மலைச் சாலையில் அந்த எல்லை வரைக்கும் காத்திருப்பது கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி.

நம்ம மலை என்ன சொல்கிறது?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல தார்ச் சாலை. பஸ் போகிறது, பைக் போகிறது, சின்ன கார் போகிறது. இதில் நாலு சக்கர இழுவைக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. இந்தச் சாலையில் ஏறுவது யாருக்கும் பிரச்சினையே இல்லை. இறங்குவதுதான் பிரச்சினை.

இறங்கும்போது வண்டி ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தை விட்டுக் கீழே வருகிறது. அந்த சக்தி முழுவதும் எங்கேயாவது போக வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடாகப் பிரேக்கில் போய்ச் சேரும். பேட் சூடாகிப் பிடிப்புக் குறையும். பழைய பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் கொதித்துக் குமிழி விடும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்... கதை முடிந்தது. ஒரு டன்னுக்கும் குறைவான சின்ன காரைவிட இரண்டு டன்னைத் தொடும் வண்டியில் இந்தச் சூடு இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய வண்டிக்குப் பெரிய பிரேக் கொடுத்திருக்கிறார்கள்தான். ஆனால் கியரைக் குறைக்கத் தெரியாத காலுக்கு எந்தப் பிரேக்கும் போதாது.

ஏறின கியரிலேயே இறங்கு என்று அந்தக் கால லாரி டிரைவர்கள் சொல்வார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு. இந்த ஒரு வரிப் பாடத்தை மறந்ததற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கும் இடம்தான் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரிகளைப் பற்றிப் போலீஸ் எச்சரிக்காத வருடம் இல்லை. 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாகக் கார்கள் மேல் ஏறியது. 2024 ஜனவரியில் லாரிகளுக்கு நடுவே ஒரு கார் சிக்கித் தீப்பிடித்தது. இரண்டிலும் உயிர்கள் போயின. மலையில் லாரி எந்தப் பாடத்தைக் கற்க வேண்டுமோ அதே பாடம்தான் காருக்கும்.

இன்னொரு சாட்சி ஊட்டி. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போனவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தச் சாலையில் இறங்கத் தடை போட்டார்கள். நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கு அனுமதி. கவனிக்க வேண்டிய விஷயம் இது. அதிகாரிகள் பெரிய வண்டியை விட்டுவிட்டுச் சின்ன வண்டியைத் தடுக்கவில்லை. அந்த இறக்கத்தைத் தெரிந்தவரை விட்டார்கள், தெரியாதவரைத் தடுத்தார்கள்.

அப்படியானால் நாலு சக்கர இழுவை யாருக்கும் வேண்டாமா? வேண்டும். தர்மபுரி மாவட்டத்திலேயே வேண்டும். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஓட்டுப் பெட்டியைக் கழுதை முதுகில் ஏற்றித்தான் அந்த ஊருக்குக் கொண்டு போனார்கள். ரோடு அந்த லட்சணம். நாலு சக்கர இழுவை தேவைப்பட்ட ஊருக்குக் கிடைத்தது நாலு கால் இழுவை! தார் ரோட்டில் ஏற்காடு போகிறவர் வீட்டு வாசலில் நாலு சக்கர இழுவை சும்மா நிற்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை. 2023 ஜனவரியில் தார் வண்டியிலேயே பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல் வந்தது. பார்க்க அதே மிரட்டல், விலை குறைவு. வண்டியில் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து "மலை வண்டி" என்று மயங்குகிறவர் எதை வாங்குகிறார்? இழுவையைக்கூட இல்லை, தோற்றத்தை வாங்குகிறார்.

"பெரிய வண்டி என்றால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்புதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு உயரத்தைப் பார்க்கக் கூடாது, மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். 2023-ல் பாரத் என்கேப் மோதல் சோதனை வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிகளில் நடுத்தர விலை வண்டிகளும் உண்டு. உயரமான வண்டியின் எடையும் உயரத்தில் இருக்கும், வளைவில் வேகமாகத் திருப்பினால் சாயும் ஆபத்து அதற்குத்தான் அதிகம்.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் இ.எஸ்.சி. வண்டி சறுக்க ஆரம்பித்தால் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கண்டுபிடித்து, தனித்தனியாகப் பிரேக் போட்டு நேராக்குகிற கருவி. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் கட்டாயம். இ.எஸ்.சி. அடிமட்ட மாடலில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மேற்கூரைக் கண்ணாடிக்கும் அலாய் சக்கரத்துக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் இதற்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது டயர். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 3521 என்றால் 2021-ம் வருடம் 35-வது வாரம் செய்தது. பழைய கார் வாங்குகிறவர் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இதைக் குனிந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பார்வை. பின் கண்ணாடியில் டிஃபாகர், கீழே ஃபாக் லைட். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். டிம்தான் சரி.

நான்காவது, கியர். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியரைக் குறைத்து வைக்கும் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். மின்சாரக் கார் என்றால், மலை உச்சியில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால், இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்துச் சார்ஜ் ஏற்றும் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

ஐந்தாவது, மிச்சப்படும் பணம். பெரிய வண்டிக்குப் பதில் அளவான வண்டி எடுத்தால் மாதம் கட்டும் டியூ குறையும். அந்தக் காசில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், காலம் தவறாமல் டயர். டியூ கட்டவே திணறுகிறவர் டயர் மாற்ற மாட்டார். இது உண்மை. பெரிய வண்டி அபாயமாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கெல்லாம் மேலே, ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். அது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதி. இதைக் கடைப்பிடிக்க எந்த மாடலும் வாங்க வேண்டியதில்லை.

பொம்மிடியில் யார் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் வாசலில் நிற்கும் அம்மா "போயிட்டு வா" என்றுதான் சொல்வார். போவதற்கு எந்த வண்டியும் போதும். அதை ஷோரூமில் நன்றாகவே விற்கிறார்கள். திரும்பி வருவதற்கு என்ன வேண்டும் என்று வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.