சிறுநீரில் இரத்தம்: மறைக்கலாமா?

விளையாடும்போது முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்தால் என்ன செய்வீர்கள்? உடனே யாரிடமாவது காட்டுவீர்கள். மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தால் வகுப்பே கூடிவிடும். ஆனால், அதே இரத்தம் சிறுநீரில் வந்தால்? பலர் வாய் திறப்பதில்லை. வீட்டில் சொல்லக் கூச்சம்; பள்ளியில் சொன்னால் கேலி செய்வார்களோ என்ற பயம். இந்த மௌனம்தான் பல நேரங்களில் நோயைவிடத் தீங்கானது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவற்றுக்கு நெஃப்ரான்கள் என்று பெயர். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் 99 விழுக்காடு மீண்டும் இரத்தத்திற்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் இந்த வடிகட்டியைக் கடக்க முடியாத அளவுக்குப் பெரியவை. ஆகவே, சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஒன்று வடிகட்டி பழுதாகியிருக்க வேண்டும். அல்லது சிறுநீர் வரும் பாதையில் எங்கோ புண்ணோ கல்லோ கட்டியோ இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரே ஒரு மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலும் நிறம் மாறிவிடும். எனவே சிவப்பைக் கண்டதும், "உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் போய்விட்டதே!" என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால், காரணத்தைக் கண்டறியாமல் விடவும் கூடாது.

சொல்லாமல் இருப்பதற்கு வெட்கம் மட்டும் காரணமன்று. "இது எல்லோருக்கும் வருவதுதானே" என்ற எண்ணமும் ஒரு காரணம். எகிப்து நாட்டைப் பாருங்கள். நைல் நதிக்கரைச் சிற்றூர்களில் முற்காலத்தில் எண்ணற்ற சிறுவர்களுக்குச் சிறுநீர் சிவந்து வந்தது. அது ஆண்பிள்ளை பருவமடைவதன் அடையாளம் என்றுகூட மக்கள் எண்ணியதுண்டு. 1851ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் பணியாற்றிய தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்தவரின் உடலை ஆராய்ந்தபோது இரத்தக் குழாய்க்குள் வாழும் ஒரு புழுவைக் கண்டார். நத்தையின் உடலில் வளரும் இப்புழுவின் இளம் பருவம், நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. பின்னர் புழு இடும் முட்டைகள் சிறுநீர்ப்பையின் சுவரைக் கிழிக்கின்றன. அங்கிருந்துதான் இரத்தம் வருகிறது! பல்லாண்டுகள் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்கூட வரலாம். இன்று இதற்கு நல்ல மாத்திரை உண்டு. ஊரெங்கும் காணப்படுவதாலேயே ஒன்று இயல்பானது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இந்நோய் இன்றும் இருக்கிறது. அங்கே தான்சானியா நாட்டின் கிலோசா மாவட்டத்தில், 1980களின் பிற்பகுதியில் ஓர் எளிய முறையைச் சோதித்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் ஒரு வினாத்தாளை எடுத்துக்கொண்டு, மாணவர்களுக்கு அண்மையில் இருந்த நோய்களையும் தொல்லைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சிறுநீரில் இரத்தம் வந்ததா என்பதும் அவற்றுள் ஒன்று. எந்தப் பள்ளிகளில் நோய் மிகுதி என்பதை அந்த விடைகளே காட்டிக் கொடுத்துவிட்டன! ஆனால், அந்நாட்டில் பிற்பாடு நடந்த ஓர் ஆய்வில், நோயுள்ள சிறுமியர் சிறுவர்களைவிடக் குறைவாகவே சொன்னது தெரியவந்தது. கூச்சம் எங்கும் ஒன்றுதான் போலும்.

இந்தப் புழு நோய் நம் ஊர்ப் பிரச்சினை அன்று. ஆயினும் சிறுநீரில் இரத்தம் வர இங்கும் காரணங்கள் உண்டு. கிருமித் தொற்றில் எரிச்சலும் கடுப்பும் இருக்கும். கல் இருந்தால் விலாவிலோ அடிவயிற்றிலோ கடுமையான வலி வரலாம். தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து ஒன்று முதல் ஆறு வாரம் கழித்து, சிறுநீர் தேயிலைச் சாறு போலக் கறுத்து, காலையில் முகமும் கண் இமைகளும் வீங்கினால், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அழற்சியுற்றிருக்கலாம். இது பெரும்பாலும் உங்கள் வயதினரையும் உங்களைவிடச் சிறியவர்களையும் தாக்குவது. கடுமையான ஓட்டப் பயிற்சிக்குப் பின் வரும் இரத்தம் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடக்கூடும். ஆனால், காரணம் அதுதானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு: "உடம்புச் சூடு!" உடனே இளநீரும் மோரும் கொடுப்பார்கள். வெயில் காலத்தில் நீர் நிறையக் குடிப்பது நல்லதே. ஆனால், வடிகட்டி அழற்சியுற்று முகம் வீங்கியவருக்கு நீரையே அளந்து கொடுக்க மருத்துவர் சொல்லலாம். காரணம் தெரியாத வைத்தியம் தீங்காகவும் முடியும் அல்லவா?

"வலியில்லை, தானாக நின்றும் போயிற்று" என்பது மற்றோர் ஆறுதல். இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. பெரியவர்களுக்கு, முக்கியமாகப் புகை பிடிப்பவர்களுக்கு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது. வலியின்றி ஒருமுறை வரும், மறையும், சில மாதம் கழித்து மீண்டும் வரும். உங்கள் தாத்தா அப்படிச் சொன்னால், நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

சிவப்பெல்லாம் இரத்தமும் அன்று. பீட்ரூட் தின்றால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து அதை ஆரஞ்சு நிறமாக்கும். சிறு குப்பியில் கொடுக்கும் சிறுநீரை வேதிப்பட்டையாலும் நுண்ணோக்கியாலும் பார்த்து உண்மையை அறிந்துவிடலாம். நிறம் எப்போது மாறியது, வலி உண்டா, அண்மையில் தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்ததா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். மாணவியர், மாதவிலக்கு நாளாயின் அதையும் தயங்காமல் கூறவேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உயரமும் எடையும் அளக்கும் நாளில் இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர் காதில் விழாதபடி தனியே கேளுங்கள். மாணவியரிடம் ஆசிரியை கேட்கட்டும். இதற்குப் பெரும் செலவில்லை. கேட்பவர் முகம் சுளிக்காமல் இருந்தால், சொல்பவருக்கும் துணிவு வரும்.