ஒரு கடைவாய்ப்பல் போனால் என்ன?

முன்பல்லில் ஒரு துண்டு உடைந்துவிட்டால் வீடே அமர்க்களப்படுகிறது. அன்று மாலையே பல் டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் கடைவாய்ப்பல் ஒன்றை எடுக்க நேர்ந்தால், "போகட்டும், உள்ளேதானே இருந்தது! யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சமாதானம் செய்துகொள்கிறோம். பையனின் பள்ளிக்கூடச் சம்பளம், அவருடைய மூக்குக் கண்ணாடி, மாமனாரின் மருந்துச் செலவு எல்லாம் தீர்ந்த பிறகுதான் இல்லத்தரசியின் பல்லுக்கு முறை வரும். பல வீடுகளில் அந்த முறை வருவதே இல்லை.

வெளியார் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பல் சுமந்துகொண்டிருந்த பாரம் எங்கே போகும்? அதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

பாக்குவெட்டியைப் பாருங்கள். கொட்டைப்பாக்கை நுனியில் வைத்து வெட்டினால் கைதான் வலிக்கும். கீல் பக்கமாகத் தள்ளி வைத்தால் சுலபமாக நறுக்கென்று வெட்டுகிறது. நம் தாடையும் அப்படித்தான். அதன் கீல் காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. முன்பற்கள் கீலுக்கு வெகு தூரம். அவை கடித்துத் துண்டாக்க மட்டுமே. கடைவாய்ப்பற்கள் கீலுக்கு அருகில் இருப்பதால் அங்கேதான் அழுத்தம் அதிகம். கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள்; புடைத்து எழும் தசை எவ்வளவு பலமானது என்று தெரியும். திடகாத்திரமான ஒருவர் முழுப் பலத்துடன் கடித்தால், கடைவாயில் 50 கிலோ சிமெண்டு மூட்டையின் பாரம் விழும்; சிலருக்கு அதற்கு மேலும் உண்டு. சாப்பிடும்போது இதில் ஒரு பகுதியைத்தான் உபயோகிக்கிறோம்.

இந்தப் பாரத்தைப் பல் எப்படித் தாங்குகிறது? சுவரில் ஆணி அடித்ததுபோலப் பல் எலும்பில் இறுகியிருப்பதாக நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. கயிற்றுக் கட்டில்போல, மெல்லிய நார்களால் எலும்புக் குழியில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் எத்தனை சாமர்த்தியம்! நாம் மெல்லும்போதெல்லாம் நார்கள் அதிர்ச்சியைத் தாங்கி, எலும்பை லேசாக இழுக்கின்றன. சோற்றில் ஒரு பொடிக்கல் கிடந்தால் கண நேரத்தில் தாடை நின்றுவிடுகிறதே, அந்தச் சேதியைச் சொல்வதிலும் இந்த நார்களுக்குப் பங்கு உண்டு.

எலும்புக்கு வேலை இருந்தால்தான் பலம். ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் உல்ஃப் 1892-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். பல்லை எடுத்த இடத்தில் இழுக்க நார் இல்லை. எலும்புக்கு வேலையும் இல்லை. ஓராண்டுக்குள் அங்கே தாடை விளிம்பின் அகலம் பாதி வரை குறைந்துவிடலாம்.

அக்கம்பக்கத்துப் பற்களும் சும்மா இருப்பதில்லை. பின்னால் இருக்கும் பல், காலி இடத்தை நோக்கி மெள்ளச் சாயும். நேராக நின்றபோது மேலிருந்து விழும் பாரத்தைச் சுகமாகத் தாங்கிய பல், சாய்ந்த பிறகு பக்கவாட்டில் இடிபடுகிறது. எதிர்வரிசைப் பல்லோ, முட்டுக் கொடுக்க ஜோடி இல்லாமல் இறங்கி வரும். சந்துகளில் சோறும் கீரை நாரும் சிக்கி, ஈறு வீங்கும். அந்தப் பக்கம் மெல்லச் சிரமமாக இருக்கவே, எல்லா வேலையும் மறுபக்கத்துக்குப் போகிறது. அங்கே என்றோ அடைத்த பல் ஒன்று ஒரு நாள் சீடையில் பிளக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை; ஆவதும் மெதுவாகத்தான். அதனால்தான் கவனிக்கத் தவறுகிறோம்.

பல் டாக்டர் செய்யும் சிகிச்சை ஒவ்வொன்றும் இந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்ற கணக்குத்தான். கழற்றி மாட்டும் பல் செட் ஈறின்மேல் உட்காருகிறது. முழு செட் அணிந்தவருக்குச் சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஈறுக்கு அடியில் எலும்பும் தேய்ந்துகொண்டே போகும். 25 வருஷ காலத்தைத் தழுவி ஆராய்ந்து 1972-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இந்தத் தேய்மானம் நிற்பதில்லை என்றும், முன்பக்கத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நாலு மடங்கு தேய்கிறது என்றும் காட்டியது. "பத்து வருஷத்துக்கு முன் கட்டிய செட் இப்போது ஆடுகிறதே!" என்று டாக்டரைக் கோபித்துக் பயனில்லை, மாறியது தாடை.

பிரிட்ஜ் என்பது இரு பக்கத்துப் பற்களையும் தூண்களாக்கிப் பாலம் கட்டுவது. மூன்று பேர் சுமையை இருவர் தூக்கவேண்டும். ஆகையால் தூண்கள் உறுதியாக இருக்கவேண்டும். இம்ப்ளாண்ட் என்பது எலும்பில் பதிக்கும் டைட்டானிய வேர். எலும்பு அந்த உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வதை ஸ்வீடன் தேசத்துப் பிரானமார்க் 1952-ல் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். எலும்புக்கு மறுபடி வேலை கிடைப்பது இதன் நன்மை. ஆனால் செலவு அதிகம். கயிற்றுக் கட்டில் நார்களும் இதற்குக் கிடையாது. அதனால் கடி அதன்மேல் பலமாக விழாதபடி டாக்டர் சரிபார்ப்பார். சென்னை அரசினர் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம்.

சில யோசனைகள்:

பல்லை அடைத்த பிறகு, வர்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லுவார்கள். 'உயரமாக இருக்கிறது' என்று தோன்றினால் தயங்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள். தலைமயிர் அளவு உயர்ந்திருந்தாலும் முழுப் பாரமும் அங்கே விழுந்து வலிக்கும்.

ரூட் கனால் செய்த கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். குடைந்த பல் பிளந்தால், எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தும், நாளில் அரை மணி நேரங்கூட அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும். காலையில் தாடை வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் அணிய உறை செய்து தருவார்.

கொட்டைப்பாக்கைக் கடித்து மெல்வது பல்லைத் தேய்க்கும், பிளக்கும். போதாக்குறைக்குப் பாக்கு வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம்.

தாய்மார்களுக்கு முக்கியமான ஒன்று: 6 வயதில், பால்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். 'இதுவும் பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதற்கும் உள்ள பல். போனால் வராது.

நாற்பது வயதில் "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று விட்ட ஒரு பல், அறுபதில் வேர்க்கடலையையும் காரட்டையும் முறுக்கையும் மறக்கச் செய்து, குழைந்த ரசம் சாதத்தோடு நிறுத்திவிடும். இந்த மாதம் வீட்டுக் கணக்கு எழுதும்போது, எல்லோருடைய பெயரையும் எழுதிய பிறகு, உங்கள் பல்லுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.