சிவப்பு ஐசியும் மைலோ டின்னும்



என் பெரியம்மாவுக்கு 78 வயது. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். கையில் இருந்தது நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசி. படுக்கையில் விழுந்த தங்கையைப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போனவர், பதினொரு வருஷம் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. மறுநுழைவு அனுமதி காலாவதியானது யாருக்கும் உறைக்கவில்லை. அதோடு நிரந்தரவாசி அந்தஸ்தும் போய், இன்று பெற்ற மகன் வீட்டிலேயே அவர் சுற்றுலாப் பயணி!

மூலை பிய்ந்த அந்த ஐசியை மைலோ டின்னுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். "ஏன் இத்தனை வருஷமாக வரவில்லை?" என்று குடிநுழைவுத் துறைக் கவுண்டரில் கேட்டார்கள். "தங்கச்சி சாகலையே, ஐயா" என்றார். அதை எந்தப் பாரத்தில் எழுதுவது?

மலேசியாவில் 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. அது கிடைக்காமல் 1969க்குப் பிறகு ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். அப்போதும் போகமாட்டோம் என்று தோட்ட லயத்திலேயே கிடந்த குடும்பம் எங்களுடையது.

பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரில், 2023இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட நிரந்தரவாசிகள் விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் தருகிறது. பெரியம்மாவுக்கு அதுவும் போதாதுதான். இங்கே பிள்ளைகள் குடிமக்களாக உள்ள முதியவர்களுக்காவது, நீண்டகாலம் வெளியே இருந்த காரணத்தைக் கேட்டு, அந்தஸ்தைத் திருப்பித் தரும் தனி வழி வேண்டும். எவ்வளவு நாளில் பதில் வரும் என்பதையும் எழுத்தில் தரட்டும்.

பெரியம்மாவின் சுற்றுலாப் பாஸ் அடுத்த மாதம் 14ஆம் தேதி முடிகிறது.

இப்படிக்கு,
வாசகர், குளுவாங், ஜொகூர்