டயர் தாங்குமா என்பதைப் பந்தயத்தன்று சோதிக்காதீர்கள்

நாஸ்கார் அமைப்பின் தலைவர் அவர்களுக்கு,



உங்கள் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் பந்தயங்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் ரசிகன் நான். உங்களிடம் கேட்க வந்ததில் முதன்மையானது இதுதான். கார், டயர், ஓடுதளம் ஆகிய மூன்றில் எது மாறினாலும், பந்தய நாளுக்கு முன்பே அந்தத் தளத்தில் பல கார்களைச் சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். கண்டதை ஒளிக்காமல் வெளியிடுங்கள். இதை விதியாகவே எழுதிவையுங்கள்.

2008 ஜூலை 27 அன்று இண்டியானாபோலிஸில் நடந்ததை உங்கள் அமைப்பில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 160 சுற்றுப் பந்தயம் அது. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குள் டயர் தேய்ந்து உள்ளிழை தெரிந்தது. வேறு வழியில்லாமல், சில சுற்றுகளுக்கு ஒருமுறை நீங்களே மஞ்சள் கொடி காட்டி எல்லோரையும் டயர் மாற்ற அனுப்பினீர்கள். பச்சைக் கொடியில் தொடர்ந்து ஓடிய மிக நீண்ட ஓட்டமே 13 சுற்றுதான். அப்படியும் ஓட்டுநர் மாட் கென்செத்தின் டயர் வெடித்து அவர் கார் சிதைந்தது.

காரணங்கள் தெளிவானவை. அந்தத் தளத்தை வைர முனைக் கருவியால் சீவியிருந்தார்கள். அதில் விழுந்த நுண்ணிய வரிகள் டயரை அரம்போல் ராவின. புதிய வடிவக் கார் அங்கே ஓடிய முதல் பந்தயமும் அதுவே. அந்தக் கார் வலப்பக்கச் சக்கரங்களின்மேல் கூடுதல் சுமையை ஏற்றியது. வழக்கமாக முதல் நாள் எவ்வளவு தேய்ந்தாலும், உதிரும் ரப்பர் தளத்தில் படிந்து வரிகளை நிரப்பிவிடும். பிறகு தேய்மானம் குறையும். அந்த முறை ரப்பர் பொடியாகிக் காற்றில் பறந்தது. முன்கூட்டி நடந்த டயர் சோதனையில் ஓடியவை மூன்றே கார்கள். வார இறுதியில் எல்லாக் கார்களும் ஓடினால் தளம் வழக்கம்போல் பதப்பட்டுவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய் என்பதை, நிறையக் கார்கள் சேர்ந்து ஓடும் சோதனை ஒன்றுதான் முன்னதாகக் காட்டியிருக்கும்.

அதற்குப் பின், டயர் தரும் குட்இயர் நிறுவனம் அங்கே பலமுறை சோதித்துப் புதிய டயரைச் செய்தது. 2009 பந்தயம் சிக்கலில்லாமல் நடந்தது. செய்ய முடியாத வேலை அல்ல இது. ஓராண்டு பிந்திச் செய்த வேலை.

2024 மார்ச்சில் பிரிஸ்டலில் வேறொரு பாடம் கிடைத்தது. பிடிமானத்துக்காகத் தளத்தில் பூசிய பிசின் மாறியிருந்தது, வானிலையும் குளிர்ந்திருந்தது. 500 சுற்றுப் பந்தயத்தில் ஐம்பது சுற்றைக்கூடத் தாண்ட முடியாமல் டயர்கள் தேய்ந்தன. நடுவில் கூடுதலாக ஒரு செட் டயர் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலிடம் 54 முறை கைமாறியதால் ரசிகர்கள் கொண்டாடினார்கள், நானும் ரசித்தேன். டயரைக் காத்து ஓட்டுவது பெரிய திறமை. ஆனால் அந்தத் தேய்மானம் யாரும் திட்டமிட்டதல்ல. அதே வகை டயரோடு செப்டம்பரில் திரும்பியபோது அப்படித் தேயவில்லை. நல்லபடியாக முடிந்த ஒரு வியப்பை வெற்றியாகக் கணக்கில் எழுதினால், அடுத்த வியப்பு ஓர் ஓட்டுநரைச் சுவரில் கொண்டுபோய் மோதலாம்.

அப்படி மோதுவது 2022 செப்டம்பரில் டெக்சாஸில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. சேஸ் எலியட், கெவின் ஹார்விக், மார்ட்டின் ட்ரூயெக்ஸ் மூவரும் ஒவ்வொருவராக முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே வலப்பக்கப் பின்டயர் போய்ச் சுவரில் மோதினார்கள். அணிகள் காற்றழுத்தத்தை மிகவும் குறைத்துவிட்டன என்று சொல்லப்பட்டது. அழுத்தம் குறைந்தால் பிடிமானம் கூடும், டயரின் பக்கச்சுவர் மடங்கி நலியும் என்பது உண்மைதான். ஆனால் குறைந்தபட்ச அழுத்தம் அன்று பரிந்துரையாகத்தான் இருந்தது. ஃபார்முலா ஒன்றில் அது கட்டாயம். ஓர் அணி தன் காரை வைத்து மட்டும் சூதாடுவதில்லை. மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்துக் காரில் இருப்பவரின் உயிரும் அதில் பணயம். அந்த எல்லையை வகுக்கும் பொறுப்பு உங்களுடையது.

சோதனைக்குச் செலவாகும் என்பீர்கள். அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஓட்டுநர்கள் உண்டு. 1964 செப்டம்பரில் ஜிம்மி பார்டு சார்லட் தளத்திலும், 1965 ஜனவரியில் பில்லி வேட் டேட்டோனாவிலும் டயர் சோதனையில் உயிரிழந்தார்கள். வெளி டயர் வெடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்கும் உள் டயர் அந்தக் காலகட்டத்தில்தான் வந்தது. அதன்பின் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. பந்தயத்தில் நடக்கக் கூடாதது நடக்காமலிருக்கவே அவர்கள் சோதனைக்குப் போனார்கள். அந்த வேலையைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆகவே மூன்றைச் செய்யுங்கள். தளத்தைச் சீவினாலும், புதிதாகப் போட்டாலும், பிசின் மாற்றினாலும், கார் வடிவத்தை மாற்றினாலும், பல கார்கள் சேர்ந்து ஓடும் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். பந்தயம் நடக்கும் பருவத்தின் வெப்பநிலையிலேயே அதை நடத்துங்கள். குறைந்தபட்சக் காற்றழுத்தத்தை விதியாக்கி, டயர் மாற்றும் பிட் பகுதியில் அளந்து பாருங்கள். டயர் வெடித்த ஒவ்வொரு முறையும், காரணம் டயரா, தளமா, அணியா என்ற ஆய்வு முடிவை அடுத்த பந்தயத்துக்குமுன் வெளியிடுங்கள்.

அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகத்தில் இந்த மூன்றும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பந்தயத்தையும் அதில் ஓட்டுபவர்களையும் நேசிக்கும் ஒரு ரசிகன்